கோடையில் செய்து தையில் விற்கும் மண்பாண்டத் தொழில்

சம்பா அறுவடை முடிந்து ஏரி வற்றும் பங்குனி, சித்திரை மாதங்களில் சிறு விவசாயிகளுக்கு வயலில் வேலை குறைவு. களிமண் வெட்டவும், பானையை உலர்த்தவும், சூளை போடவும் ஏற்ற காலம் இதுவே. ஆனால் அகல் விளக்கு விற்பது கார்த்திகையில், பொங்கல் பானை விற்பது தையில். இடையில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. அப்போது ஏரியில் தண்ணீர் நிற்கும், பச்சைப் பானை உலராது, விறகும் நனைந்துவிடும். ஆகவே கோடையில் செய்து, பல மாதங்கள் பத்திரப்படுத்தி விற்க வேண்டும். போட்ட பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும் என்பதை அறிந்தே இதில் இறங்க வேண்டும்.

மண் தேர்வு

ஈரக் களிமண்ணைப் பென்சில் பருமனில் திரித்து விரலைச் சுற்றி வளைத்தால் வெடிக்காமல் இருக்க வேண்டும். பிறகு சிறு பட்டை செய்து, அதில் 10 செ.மீ. நீளத்துக்குக் கோடு கீறி, நிழலில் உலர்த்தவும். கோடு 9 செ.மீ.க்கும் கீழே குறைந்தால் அந்த மண்ணில் செய்த பானை உலரும்போது விரிசல் காணும். சலித்த மணலைச் சிறிது சிறிதாகக் கலந்து மீண்டும் சோதிக்க வேண்டும். சுக்கான் கற்களை அறவே நீக்க வேண்டும். சூளையில் சுண்ணாம்பாகும் கல், பின்னர் ஈரம் பட்டதும் உப்பிப் பானையைப் பெயர்த்துவிடும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டங்களும் ஒன்றுக்கு மேற்பட்ட கண்மாய்களின் மண்ணைக் கலந்தே செய்யப்படுகின்றன.

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய்களிலிருந்து மண்பாண்டத் தொழிலுக்குக் களிமண்ணை விலையின்றி எடுக்கலாம். 2024 முதல் வட்டாட்சியரே இதற்கு அனுமதி வழங்குகிறார். அனுமதி பெறாமல் வண்டி ஓட்டக் கூடாது.

செய்முறை

சக்கரத்தில் கை பழக நாளாகும். ஊரில் உள்ள மண்பாண்டத் தொழிலாளரைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டு, அவருக்குரிய கூலியைக் கொடுத்துக் கற்பதே நல்லது. புதியவர்கள் அச்சில் அழுத்தி எடுக்கும் அகல் விளக்கில் தொடங்கலாம்.

பானைகளை முதலில் நிழலிலும், பின்னர் வெயிலிலும் உலர்த்த வேண்டும். ஈரம் மீந்த பானை சூளையில் வெடித்துப் பக்கத்துப் பானையையும் கெடுக்கும். சூளையில் தொடக்கத்தில் தீ மெதுவாக எரிய வேண்டும். நெருப்பு அணைந்தபின் தானாக ஆறும் வரை பிரிக்கக் கூடாது. நன்கு வெந்த பானையைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

லாப நஷ்டக் கணக்கு

பலர் ஏமாறுவது இங்கேதான். ஓர் எடுத்துக்காட்டு: 100 பானைகளுக்கு மண் கொண்டுவர ரூ.500, விறகு, வைக்கோலுக்கு ரூ.1,000, வீட்டாரின் 5 நாள் உழைப்புக்கு நாள் ஒன்றுக்கு ரூ.400 வீதம் ரூ.2,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு ரூ.3,500. பானை ஒன்றுக்கு ரூ.35 அடக்கம் என்று எண்ணி, வியாபாரி கேட்கும் 40 ரூபாய்க்குக் கொடுத்தால் 5 ரூபாய் லாபம் போலத் தோன்றும். ஆனால் 20 பானை உடைந்திருந்தால் கைக்கு வருவது 80 பானைக்கு ரூ.3,200 மட்டுமே. உண்மையில் ரூ.300 நஷ்டம். சூளையில் அடுக்கிய பானையை எண்ணாமல், முழுதாக இறக்கிய பானையை எண்ணியே விலை வைக்க வேண்டும். இந்தக் கணக்கில் அடக்கவிலை ரூ.43.75 ஆகிறது. வீட்டாரின் கூலியைக் கணக்கில் விட்டால், அதுவே கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்.

விற்பனை

முதல் சூளையைச் சிறிதாகப் போட்டு, உடைவு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் கடன் வாங்க வேண்டாம். கைவினைஞர்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தில் மானியத்துடன் கடன் உண்டு. வயது, அனுபவம் பற்றிய நிபந்தனைகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம்.

சரக்கு முழுவதையும் தைக்கென்று வைக்காமல், ஒரு பகுதியைத் தண்ணீர்ப் பானையாகச் செய்து கோடையிலேயே வாரச் சந்தையில் விற்றால் அடுத்த சூளைக்கு விறகுப் பணம் கிடைக்கும். மீதியை வைக்கோல் இட்டு, மழை படாத இடத்தில் அடுக்க வேண்டும். விதைநெல்லைக் காப்பதுபோல் அதைக் காத்து வைப்பவருக்குத் தை மாதத்தில் பலன் உண்டு.