வீட்டுப் பின்கட்டில் மீனும் கீரையும்: முதலில் நீரைப் பழக்குக

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் இன்று வயலும் ஆலையும் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. ஆலைப் பணிக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் பலவற்றிற்கு உழுது பயிரிட நிலமில்லை; வீட்டின் பின்கட்டில் சிறிது இடமே உண்டு. அச்சிறு இடத்திலும் மீனையும் கீரையையும் ஒருங்கே வளர்க்கலாம். அக்வாபோனிக்ஸ் என வழங்கும் இம்முறையில் மீன்தொட்டி நீர் பயிர்ப்பாத்திக்கு ஏறி, தூய்மையடைந்து, மீண்டும் தொட்டிக்கே இறங்கும். சீனத்தின் சிங்தியான் பகுதி உழவர் நெல்வயலில் மீன் வளர்க்கும் தொன்முறையும் இதற்கு உறவானதே.

ஆவலுடன் தொடங்குவோர் சிலர் சில நாட்களிலேயே மீன்கள் செத்து மிதக்கக் கண்டு மனந்தளர்கின்றனர். நாமும் அப்பிழையைச் செய்தவர்களே. முதன்முதல் தொட்டி அமைத்தபோது நீர் நிரப்பிய அன்றே முப்பது குஞ்சுகளை விட்டோம். தீவனத்தையும் தாராளமாக இட்டோம். இரண்டாம் வாரம் முடியுமுன் ஐந்தே எஞ்சின. நீரோ கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று என்பதை அன்று கற்றோம்.

மீன் மடிவது ஏன்?

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகிறது. உண்ணாத தீவனம் அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். இது மீனுக்கு நஞ்சு. ஜல்லியின்மேல் படிந்து வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. வேறுவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டே பயிருக்கு உரமாகும். இவ்விருவகை நுண்ணுயிர்களும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். குளிர்காலத்தில் இன்னும் காலம் பிடிக்கும். ஆதலின் தொடங்குவோர் முதலில் வளர்க்க வேண்டியவை இந்நுண்ணுயிர்களே.

தொட்டியைத் தேர்தல்

தொடங்குவோர்க்கு 1,000 லிட்டர் தொட்டி ஏற்றது. மிகச் சிறிய தொட்டியில் வெப்பமும் நஞ்சும் விரைந்து ஏறியிறங்கும். நம் பகுதியில் ஒரு தனி எச்சரிக்கை தேவை. ஆலைகளில் பயன்படுத்திக் கழித்த பீப்பாய்களும், இரும்புக் கூண்டுக்குள் அமைந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டிகளும் பழைய பொருட்கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரியாவிடில் வாங்கலாகாது. பிளாஸ்டிக்கில் ஊறிய இரசாயனம் கழுவிப் போவதன்று. அது மீனுக்கும் கீரைக்கும் வந்து, பின் நம் குழந்தைகளின் உணவுக்கும் வரும். உணவுப் பொருள் இருந்த தொட்டியோ, புதிய குடிநீர்த் தொட்டியோ போதும். சிமெண்டுத் தொட்டியாயின், பலமுறை நீர் நிரப்பி ஊறவிட்டு வடித்துச் சுண்ணக்காரத்தைப் போக்குதல் வேண்டும். வாழைத்தண்டுத் துண்டுகளை இட்டு ஊறவைப்பதும் வழக்கம்.

தொட்டி நீர் மட்டுமே ஒரு டன் எடையுள்ளது. 3 சதுர மீட்டர் பரப்பும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பாத்திக்கு ஏறக்குறைய 1,350 கிலோ ஜல்லி பிடிக்கும். ஆகவே பொறியாளரைக் கேளாமல் மாடியில் அமைத்தல் ஆகாது. சமதரையே சிறந்தது. தொட்டிமேல் வெயில் படாமல் தென்னங்கீற்றோ நிழல்வலையோ வேய்தல் நன்று. வெயில் பட்டால் பாசி பெருகும்.

ஜல்லியும் மோட்டாரும்

நம் மாவட்டத்துக் கருங்கல் ஜல்லி, 20 மில்லிமீட்டர் அளவினது, இதற்கு மிக ஏற்றது. நன்கு கழுவியபின் சிலவற்றின்மீது காடியை ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் கலந்தது. அது நீரின் காரத்தை ஏற்றும். காரம் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் மிகும். மோட்டார் ஒரு மணி நேரத்தில் தொட்டி நீரளவை ஒருமுறையேனும் சுழற்ற வேண்டும். மின்சாரம் நின்றால் மீன் மூச்சுத் திணறும். ஆதலின் மின்கலத்தால் இயங்கும் காற்றுக் கருவியொன்றை ஆயத்தமாக வைத்தல் அறிவுடைமை.

நீரைப் பழக்கும் முறை

கெலவரப்பள்ளி அணைக்கு வரும் தென்பெண்ணை நீர் பெங்களூர்ப் பக்கத்துக் கழிவையும் சுமந்து வருவதால், அதனைத் தொட்டிக்கு எடுத்தல் தகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனையும் நுண்ணுயிரையும் கொல்லும். இரண்டு நாட்கள் திறந்து வைத்துக் காற்றூட்டிய பின்னரே பயன்படுத்துக. மழைநீர் சேமித்தோர்க்கு அதனைக் கலந்துகொள்ளுதல் நலம்.

நீர் சுழலத் தொடங்கியபின், மீன் இல்லாமலே நாள்தோறும் ஒரு சிட்டிகை தீவனத்தை இட்டு அழுகவிடுக. வண்ணமீன் கடைகளில் விற்கும் சோதனைத் திரவங்களால் வாரம் இருமுறை நீரைச் சோதிக்கலாம். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்க நைட்ரைட் ஏறும். பின் அதுவும் இறங்கும். இரண்டும் ஏறக்குறைய இல்லாதொழிந்து நைட்ரேட் தோன்றிய நாளே குஞ்சு விடும் நாள்.

எம்மீன்? எத்தனை?

ஓசூர் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை இரவுகளின் குளிரில் ஜிலேபி மீன் இரை எடாது சோரும். அன்றியும் திலேப்பியா வளர்க்க அரசின் அனுமதி தேவை. சாதாக்கெண்டை குளிரைத் தாங்கும். தொடங்குவோர்க்கு அதுவே தக்கது. ஆப்பிரிக்கக் கெளுத்தி தடைசெய்யப்பட்டது. யார் கொடுத்தாலும் ஏற்கலாகாது.

1,000 லிட்டருக்கு 20 குஞ்சுகள் போதும். அவை அரைக் கிலோ வீதம் வளர்ந்தால் மொத்தம் 10 கிலோ. நாளொன்றுக்கு 150 கிராம் தீவனம் உண்ணும் அம்மீன்களின் கழிவு 3 சதுர மீட்டர் கீரைக்குப் போதிய உரமாகும். குஞ்சுப் பையைக் கால்மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாக நீர் கலந்து, பின்னர் விடுக. மிஞ்சிய தீவனத்தை உடனே அகற்றுக. கீரையில் பூச்சி கண்டால் கையால் எடுத்தலே முறை. வேப்பெண்ணெயும் மீனுக்குக் கேடு செய்யும்.

மாசியில் நீர் நிரப்பினால் சித்திரையில் குஞ்சு விடலாம். குஞ்சு பெறவும் ஐயம் தீரவும் கிருஷ்ணகிரியிலுள்ள மீன்வளத் துறையினரையும், பாரூரிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தையும் அணுகலாம்.

ஆறு வாரம் வெறுந்தொட்டியைக் காத்திருந்து பார்ப்பது கடினமே. அண்டை வீட்டார் நகைக்கவும் கூடும். ஆயினும் விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்தும் உழவனை யாரும் நகைப்பதில்லை. நீரைப் பண்படுத்துவதும் அத்தகைய உழவே. உழைத்துச் சேர்த்த ஊதியத்தில் வாங்கும் குஞ்சுகள் வீணாகாமல், பின்கட்டிலிருந்தே நல்லுணவு அடுக்களைக்கு வர, இப்பொறுமையை மேற்கொள்வோமாக.