விண்டோஸோ, பாஸ் லினக்ஸோ... கருவிப்பட்டை ஒரே மாதிரி இருக்கட்டும்!

அடிக்கடி தேவைப்படும் செயலிகளைப் போன் திரையில் கைக்கு எட்டுற இடத்தில் வச்சிருப்பீங்க, இல்லையா? அதே வசதியை வீட்டு மடிக்கணினியிலும் செஞ்சுக்கலாம்.

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் ஒரு மாணவி, தெருவிளக்கு கேட்டு மனு தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். அதற்குள் மனு தயாராகணும். வீட்டில் இருப்பது அண்ணனுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. 2011 முதல் எல்காட் மூலம் கொள்முதல் செய்து வழங்கப்பட்ட இவற்றில் பலவற்றில் விண்டோஸ், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இரண்டுமே இருந்தன.

நேற்று விண்டோஸில் லிப்ரே ஆபீஸ் திறந்து பாதி மனு அடித்தார். இன்று பாஸ் லினக்ஸில் திறந்தால் மேலே உள்ள பொத்தான்களின் படம், நிறம், அளவு எல்லாமே வேற. 'சேவ்' எங்கே என்று தேடுவதிலேயே நேரம் போகுது.

பயப்பட வேண்டாம். மென்பொருள் அதேதான், சட்டைதான் மாறியிருக்கு! லிப்ரே ஆபீஸ், தான் இயங்கும் கணினிக்குப் பொருத்தமான படங்களைத் தானே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் 'கோலிப்ரே', லினக்ஸில் திரை அமைப்பைப் பொறுத்து 'எலிமென்டரி', 'பிரீஸ்' போன்றவை வரும். இதை நாம் மாற்றலாம்.

1. படங்கள்: 'டூல்ஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்' போங்க. பதிப்பைப் பொறுத்து 'வியூ' அல்லது 'அப்பியரன்ஸ்' பக்கத்தில் 'ஐகான் தீம்' இருக்கும். இரண்டு அமைப்பிலும் கிடைக்கிற ஒரே தீமைத் தேர்வு செய்யுங்க.

2. தோற்றம்: 'வியூ' மெனுவில் 'யூசர் இன்டர்ஃபேஸ்' திறந்து, இரண்டிலும் 'ஸ்டாண்டர்ட் டூல்பார்' வையுங்க.

3. பொத்தான்கள்: கருவிப்பட்டையில் வலது கிளிக் செய்து 'விசிபிள் பட்டன்ஸ்' மூலம் தேவையில்லாததை மறைச்சிடுங்க. மனு எழுத சேவ், பிரின்ட், பிடிஎஃப், அன்டூ, தடித்த எழுத்து ஆகியவை இருந்தாலே பெரும்பாலும் போதும். வரிசையை மாற்ற, 'டூல்ஸ்' மெனுவில் 'கஸ்டமைஸ்' போய் 'டூல்பார்ஸ்' பாருங்க.

முக்கியமான ஒன்று: விண்டோஸில் செய்த மாற்றம் லினக்ஸுக்குத் தானாக வராது. இரண்டிலும் தனித்தனியாகச் செய்யணும்.

பிரவுசிங் சென்டர் போன்ற பொது இடத்துக் கணினிகளில் கருவிப்பட்டையை மாற்றாதீங்க. அடுத்து வருபவர் திணறுவார். அங்கே விசைகளே துணை. கன்ட்ரோல் + எஸ் சேமிக்க, கன்ட்ரோல் + பி அச்சிட, கன்ட்ரோல் + இசட் செய்ததைத் திரும்பப் பெற. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இவை ஒன்றே. மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

எல்லாம் முடிஞ்சதும் வீட்டில் இருக்கிற பெரியவங்களை இரண்டு அமைப்பிலும் ஒரு கடிதம் அடித்துச் சேமிக்கச் சொல்லுங்க. 'சேவ்' பொத்தானைத் தேடாமல் அழுத்தினாங்கன்னா, சரியாக அமைச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.