கட்டியைக் காட்டும் பெப்டைடு கட்டியைக் கரைக்காது

தேள் விஷம் புற்றுநோயைக் குணமாக்கும், அமெரிக்காவில் மூளைக் கட்டிக்கு அதைத்தான் ஊசியாகப் போடுகிறார்கள், மருந்துக் கம்பெனிகள்தான் நம்மிடமிருந்து மறைக்கின்றன என்ற செய்தி எத்தனை முறை மறுத்தாலும் அடங்க மறுக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்காது. அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மையின் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பரப்புவதால்தான் படித்தவர்கள்கூட அதைக் கைப்பேசியில் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு நோயாளி கீமோதெரபியை மூன்று மாதம் தள்ளிப்போட்டால் இழப்பு அவருக்குத்தான், தள்ளிவிட்டவருக்கு அல்ல. எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை இல்லாததற்குக் காரணம் அதுவே.

உண்மைப் பகுதி இது. வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் லியூரஸ் குவின்குவெஸ்ட்ரியாடஸ் என்ற மஞ்சள் தேளின் விஷத்திலிருந்து 1993-இல் ஒரு சிறு பெப்டைடை, அதாவது அமினோ அமிலங்களின் குட்டைச் சங்கிலியை, பிரித்தெடுத்தார்கள். 36 அமினோ அமிலங்கள், நான்கு கந்தகப் பிணைப்புகள், பெயர் குளோரோடாக்சின். அது கிளையோமா என்னும் மூளைக் கட்டியின் செல்களில் ஒட்டிக்கொள்வதை அலபாமா பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு சோன்தைமர் குழு கண்டது. சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் ஜிம் ஓல்சன் குழு அதனுடன் ஓர் ஒளிர்சாயத்தை இணைத்து எலிகளுக்குச் செலுத்தியது. கட்டி ஒளிர்ந்தது, பக்கத்து மூளைத்திசு பெரும்பாலும் இருண்டே கிடந்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வுதான் ‘கட்டிக்குப் பூசும் வண்ணம்’ என்று உலகெங்கும் பேசப்பட்டது. பிறகு அந்தப் பெப்டைடைச் சற்று மாற்றி, இண்டோசயனின் கிரீன் சாயத்துடன் இணைத்து, டோசுலெரிஸ்டைடு என்ற பெயரில் மனிதர்களிடம் சோதித்தார்கள். 2019-இல் வெளியான முதல்கட்ட ஆய்வில் கிளையோமா உள்ள 17 பெரியவர்களுக்கு, அறுவை சிகிச்சைக்கு முன்பு ஒரே ஒரு முறை, 3 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். மனிதர் உடலுக்குள் போன இது தேளைக் கறந்து எடுத்த விஷமல்ல, ஆய்வகத்தில் செய்த பெப்டைடு.

அந்த 17 பேருக்கும் ஊசி போட்டது எதற்காக? அடுத்து நடக்கவிருந்த அறுவை சிகிச்சையில் கட்டி எங்கே முடிகிறது, நல்ல மூளை எங்கே தொடங்குகிறது என்று மருத்துவர் பார்ப்பதற்காக. கட்டியை எடுத்தது மருத்துவரின் கை. அறுவை அரங்கின் விளக்கைத் தணித்து, அகச்சிவப்புக் கேமராவைத் திறந்த மண்டையோட்டின் மேல் நிறுத்துகிறார்கள். அந்த ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது. கேமரா பிடித்ததைக் கணினி ஒரு நிறம் கொடுத்துத் திரையில் காட்டுகிறது. பெப்டைடு செய்தது தபால் உறையின் மேல் எழுதிய முகவரியின் வேலை. உறைக்குள் என்ன வைக்கிறோம் என்பதே அங்கே போய்ச் சேர்ந்தபின் நடப்பதைத் தீர்மானிக்கும். உள்ளே சாயம் இருந்தால் கட்டி தெரியும், அவ்வளவுதான்.

செல்லில் ஒட்டுகிறதென்றால் அதைக் கொல்லத்தானே செய்யும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பெப்டைடைக் காட்டுகிறேன். 2008-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரோஜர் சியெனின் குழு, எலிகளின் நரம்புகளில் போய் ஒட்டும் ஒளிர் பெப்டைடை 2011-இல் வெளியிட்டது. அறுவையின்போது நரம்பைத் தவறி வெட்டிவிடாமல் காப்பதே அதன் நோக்கம். ஒட்டுவதெல்லாம் அழிக்கும் என்றால் அந்த எலிகளின் நரம்புகள் அன்றே அழிந்திருக்க வேண்டும். ஒட்டுவதற்கும் ஒழிப்பதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெப்டைடை வைத்தே புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிறார்களே என்பது அது. ஆம், தருகிறார்கள். நியூரோஎண்டோகிரைன் கட்டிகளின் செல்களில் சொமட்டோஸ்டாட்டின் ஏற்பிகள் நிறைய உண்டு. அவற்றில் ஒட்டும் பெப்டைடில் காலியம்-68 கட்டினால் பெட் ஸ்கேனில் கட்டி தெரிகிறது. அதே பெப்டைடில் லுட்டீசியம்-177 கட்டினால் கட்டியின் வளர்ச்சி கட்டுப்படுகிறது. 2017-இல் வந்த ஆய்வில், லுட்டீசியம் பெற்றவர்களில் 65 விழுக்காட்டினருக்கு 20 மாதங்கள் வரை நோய் முற்றவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் அது 11 விழுக்காடு. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. பெப்டைடு ஒன்றே, உலோகம் மாறியவுடன் விளைவு மாறிவிட்டது. செல்லைத் தாக்கியது கதிரியக்கம். குளோரோடாக்சினிலும் இந்த வழியை முயன்றார்கள்: கதிரியக்க அயோடின்-131 இணைத்து 18 கிளையோமா நோயாளிகளிடம் சோதித்த முதல்கட்ட முடிவு 2006-இல் வந்தது. அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாக வளரவில்லை.

கியூபாவின் நீலத்தேள் மருந்தைச் சிலர் ஆதாரமாக நீட்டுகிறார்கள். அது வேறு தேள், வேறு சரக்கு. விடாடாக்ஸ் என்ற பெயரில் விற்பது 30 சி.எச். வீரியத்தில் நீர்த்த ஹோமியோபதித் தயாரிப்பு. நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தால் மூல விஷத்தின் ஒரு மூலக்கூறுகூட அந்தச் சொட்டில் மிஞ்ச வாய்ப்பில்லை. சியாட்டில் ஆய்வகத்தின் பெயரைச் சொல்லி இதை விற்பது மோசடி. அதைவிட ஆபத்தானது, விஷம் நல்லது என்று நம்பி நம் ஊர்த் தேளைத் தேடிப்போவது. இந்தியச் செந்தேள் கொட்டினால் இதயமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் மஹாடில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் பிரசோசின் மாத்திரையைப் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் அந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. விஷம் என்பது பல பெப்டைடுகளின் கலவை. அதில் ஒன்று கிளையோமாவில் ஒட்டுகிறது என்பதற்காக மற்றவை உங்கள் நரம்பை விட்டுவைத்துவிடாது.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஒளிர்சாயம் உடலில் கதிர்வீச்சைப் பாய்ச்சும் என்பது தவறு. இந்த ஒளிக்கு எக்ஸ்ரேயைப் போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் இல்லை. ஓர் ஊசி போட்டால் உடல் முழுதும் உள்ள புற்றுநோய் வெளியே தெரியும், ஸ்கேனே வேண்டாம் என்பதும் தவறு. அகச்சிவப்பு ஒளிகூடத் திசுவில் சில மில்லிமீட்டர்களிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரைதான் பயன்படும் அளவுக்கு ஊடுருவும். கடையில் விற்கும் கொலாஜன் பெப்டைடு பவுடருக்கும் இந்த ஆய்வுக்கும் எந்த உறவும் கிடையாது. அது வயிற்றில் செரித்துப்போகும் புரதம்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, ஒளிர்ந்ததை எல்லாம் வெட்டிவிட்டால் நோய் தீர்ந்தது என்ற நம்பிக்கை. இதை மருத்துவம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். ஒளியால் பலன் உண்டு, மறுக்கவில்லை. அறுவைக்கு முன் 5-ஏ.எல்.ஏ. என்னும் மருந்தைக் குடித்த கிளையோமா நோயாளிகளின் கட்டி நீல ஒளியில் சிவந்து தெரியும். 2006-இல் ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் குழு வெளியிட்ட ஆய்வில், அந்த ஒளியின் துணையோடு 65 விழுக்காட்டினருக்கும் சாதாரண விளக்கில் 36 விழுக்காட்டினருக்கும் கட்டியின் தெரியும் பகுதி முழுதாக அகற்றப்பட்டது. ஆனால் ஆயுள் கூடியதாக அந்த ஆய்வு நிறுவவில்லை. மார்பகப் புற்றுக்கு 2024-இல் அமெரிக்கா அனுமதித்த பெகுலிசியனின் பெப்டைடு வழியில் செயல்படும் சாயம்: கட்டிப் பகுதியின் நொதிகள் பெப்டைடை வெட்டியதும் ஒளிர்கிறது. அதன் ஆய்வில், வழக்கமான அறுவைக்குப் பின்னும் தங்கியிருந்த கட்டியை 357 பேரில் 27 பேருக்கு அது காட்டிக்கொடுத்து எடுக்கவைத்தது. அதே ஆய்வில் அதன் கண்டறியும் திறன் சுமார் 49 விழுக்காடுதான். கடும் ஒவ்வாமைக்கான எச்சரிக்கையும் அந்த மருந்தின் தாளிலேயே அச்சாகியிருக்கிறது.

எனவே இறுதித் தீர்ப்பு கேமராத் திரையில் இல்லை, பேத்தாலஜி மருத்துவரின் நுண்ணோக்கியில் இருக்கிறது. வெட்டியெடுத்த கட்டியின் விளிம்புக்கு மை தடவி, ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கி, மை பட்ட ஓரத்தில் புற்றுச்செல் தொடுகிறதா என்று அவர் பார்க்கிறார். நம்மில் பலர் ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இந்த அறிக்கையைத் தொலைத்துவிடுகிறோம். தொலைக்காதீர்கள். விளிம்பு சுத்தமாக இருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, நிணநீர் முடிச்சு எத்தனை எடுத்தார்கள், எத்தனையில் புற்று இருந்தது என்று அறுவை செய்த மருத்துவரிடம் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அந்த மெழுகுக் கட்டிகளை ஆய்வகம் சேமித்து வைத்திருக்கும். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது எழுதிக்கொடுத்து அவற்றையும் கண்ணாடிச் சில்லுகளையும் வாங்கிக்கொண்டு போகலாம்.