கோதுமைப் புரட்சியும் கொள்முதல் உறுதியும்

பொருளாதார வளர்ச்சியில் அரசின் பங்கு என்றவுடன் உருக்காலைகளும் பெரும் அணைகளும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், அரசு தானே ஏர் பிடிக்காமல் விளைச்சலைப் பெருக்கிய வரலாறும் இந்தியாவில் உண்டு. 1964-65 ஆம் ஆண்டில் சுமார் 123 லட்சம் டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி, 1970-71 இல் ஏறத்தாழ 238 லட்சம் டன்னாயிற்று.

இதற்கு மெக்சிகோவிலிருந்து வந்த குட்டை ரக விதைகளே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. வறட்சி மிகுந்த 1966 இல் அவ்விதை 18,000 டன் இறக்குமதி செய்யப்பட்டது உண்மையே. ஆனால் அந்த ரகங்கள் உரமும், உரிய காலத்தில் நீரும் வேண்டுபவை. விவசாயி கடன் பட்டே இவற்றிற்குச் செலவிட இயலும். விளைச்சல் மிகுந்து, அனைவரும் ஒரே சமயத்தில் மண்டிக்குக் கொண்டுவந்தால் விலை சரியும். கடன் மட்டும் நிற்கும். இந்த அச்சத்தை நீக்குவது தனி வணிகர் எவராலும் இயலாததாகும்.

சி. சுப்பிரமணியம் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தபோது, 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அமைக்கப்பட்டன. குழு விலையைப் பரிந்துரைத்தது; கழகமும் மாநில முகமைகளும் தானியத்தை வாங்கின. பஞ்சாபில் பக்ரா அணையின் நீரும், 1962 இல் லூதியானாவில் தோன்றிய வேளாண்மைப் பல்கலைக்கழகமும், மண்டிகளை எட்டும் சாலைகளும் உடனிருந்தன. கிழக்கு மாநிலங்கள் பலவற்றிலும் அதே விலைதான் அறிவிக்கப்பட்டது. ஆனால் கொள்முதல் நிலையங்கள் குறைவாக இருந்தமையால், அங்குள்ள சிறு விவசாயிகள் அதற்குக் குறைந்த விலைக்கே விற்க நேர்ந்தது. விலை அறிவிப்பையும் கொள்முதலையும் ஒன்றெனக் கருதும் வழக்கம் அலுவலக அறிக்கைகளில் இன்றும் காணப்படுகிறது. அது பிழையாகும்.

இந்த உறுதியே பின்னர் வேறொரு சிக்கலையும் தோற்றுவித்தது. அரிசியை முதன்மை உணவாகக் கொள்ளாத பஞ்சாபில் 1960-61 இல் நெல் சாகுபடி இரண்டேகால் லட்சம் ஹெக்டேர் அளவே. பிற்காலத்தில் அது 30 லட்சம் ஹெக்டேரை எட்டியது. விளைந்த நெல்லை அரசு வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும், 1997 இல் விவசாயிகளுக்கு அளிக்கப்பட்ட இலவச மின்சாரமும் இதற்குத் துணை நின்றன. ஆண்டுதோறும் நிலத்தில் ஊறுவதைக் காட்டிலும் மிகுதியாக நீர் இறைக்கப்பட்டது. கோதுமை, நெற் பரப்பின் ஒரு பகுதியை மாற்றுப் பயிர்களுக்குத் திருப்ப வேண்டும் என்று எஸ்.எஸ். ஜோல் குழு 1986 இலேயே பரிந்துரைத்தது. ஜூன் 10 ஆம் நாளுக்கு முன் நாற்று நடுவதைத் தடைசெய்து 2009 இல் மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது. நடவுக் காலம் தள்ளிப்போயிற்று, நெற்பரப்பு குறையவில்லை.

இதற்காக விவசாயியைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆதரவு விலை இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. பெருமளவில் கொள்முதல் நடப்பதோ கோதுமைக்கும் நெல்லுக்குமே. மக்காச்சோளம் பயிரிட நினைக்கும் பஞ்சாப் விவசாயி, 1965 க்கு முற்பட்ட கோதுமை விவசாயியின் நிலையிலேயே இருக்கிறார்: விதை கிடைக்கிறது, விலையும் தாளில் இருக்கிறது, அறுவடையன்று மண்டியில் வாங்குபவர் எவர் என்பது மட்டும் அவருக்குத் தெரிவதில்லை.