மனச்சோர்வுக்கு ஃபோனில் டாக்டரைப் பார்க்கப் போறியா, தங்கச்சி?

தாராளமா பாரு. வேடசந்தூர் மில்லுல நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு, திண்டுக்கல் பஸ் ஏறி ஓபி வரிசையில நிக்க யாருக்குத் தெம்பு இருக்கு? ஆனா நாலு கேள்விக்கு டிக் அடிச்சா மாத்திரை வீடு தேடி வரும்னு சொல்ற ஆப் பக்கம் போயிடாதே. 2020 மார்ச்சுல வந்த டெலிமெடிசின் விதிப்படி, உன்னை முதல் தடவை பாக்குற டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதணும்னா வீடியோவுல பேசித்தான் எழுதணும். சீட்டுல அவர் பேரும் பதிவு எண்ணும் இருக்கான்னு பாரு.

காசு இல்லையேன்னு தள்ளிப்போடாதே. அரசாங்கத்தோட இ-சஞ்சீவனியில டாக்டர்கிட்ட பேசுறது இலவசம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கு ராத்திரியும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க.

ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் காது கொடுத்துட்டு இருக்கும்போது எப்படிப் பேசுறது? ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போ. கையில ஒரு துண்டுச்சீட்டு வச்சுக்கோ. தைராய்டு மாத்திரை, மாசாமாசம் வயித்துவலிக்குப் போடுறது, நாட்டு மருந்து எல்லாத்தையும் எழுதிக்கோ. சில வலி மாத்திரை மனச்சோர்வு மாத்திரையோட சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம். டிரமடால்ங்கிற வலி மாத்திரை சேர்ந்தா வலிப்பே வரலாம். கர்ப்பமா இருந்தாலும் மறைக்காதே.

இன்னொண்ணு, இதை அவர் கேக்கலேன்னாலும் நீயே சொல்லிடு. எப்பவாவது நாள்கணக்கா தூங்காமலே சுறுசுறுப்பா இருந்திருக்கியா, கண்டபடி செலவு பண்ணியிருக்கியா, வீட்டுல யாருக்காவது அப்படி இருந்துச்சா? அப்படின்னா அது இருதுருவக் கோளாறா இருக்கலாம். அதுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தா கதை தலைகீழாயிடலாம். பத்து நிமிஷக் கால்ல இந்தக் கேள்வி விட்டுப்போக நிறைய வாய்ப்பு இருக்கு.

எஸ்சிடலோபிராம் மாதிரி மாத்திரை போட்ட முதல் வாரம் வயித்தைப் புரட்டும், தூக்கம் மாறும். பலன் தெரிய ரெண்டு, நாலு வாரம்கூட ஆகும். உனக்கு 25 வயசு ஆகல. ஆரம்ப வாரங்கள்ல படபடப்போ சாகணும்ங்கிற நினைப்போ கூடுதான்னு கூட இருக்கிற ஒருத்தியைக் கவனிக்கச் சொல்லு. கூடுச்சுன்னா அடுத்த வீடியோ காலுக்குக் காத்திருக்காதே. 108-ஐக் கூப்பிடு, இல்ல திண்டுக்கல் ஜிஎச் அவசரப் பிரிவுக்கு ஓடு. ஆரம்ப வாரங்கள்ல இப்படி ஆகலாம்ங்கிறதாலதான் சொல்றேன், மறுபடி எப்போ பேசணும்னு தேதி வாங்காம காலைக் கட் பண்ணாதே.

நல்லாயிட்டேன்னு நீயா நிறுத்தவும் கூடாது. தலை சுத்தும், உடம்புல ஷாக் அடிச்ச மாதிரி ஜிவ்வுன்னு இழுக்கும். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார். தீபாவளி லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது அட்டையில எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பாத்துட்டு பஸ் ஏறு.