பர்னபா பிணை நின்றார்

வேதபாடம்: அப்போஸ்தலர் நடபடிகள் 9:26–30, 11:19–30

இடம்பெயர்ந்து வந்த கமக்காரன் குத்தகைக்குக் காணி கேட்டாலும், கிணற்றில் இறைப்புமுறை கேட்டாலும், சங்கத்தில் கடன் கேட்டாலும் முதலில் எழும் கேள்வி, "ஆளை ஆருக்குத் தெரியும்?" என்பதே. பதில் இல்லாவிட்டால் அவர் வந்தான் வரத்தான்தான்.

எருசலேம் சபையிலும் இக்கேள்வி எழுந்தது. சவுல் வீடு வீடாகப் புகுந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சென்று சிறையில் போட்டவர். ஸ்தேவானின் கொலைக்கு உடன்பட்டவர். அவரே ஒரு சீடனாகத் திரும்பி வந்தபோது எல்லோரும் பயந்தார்கள். அந்தப் பயத்தை நாம் குறைசொல்ல முடியாது. பட்டவர்களுக்கே அதன் வலி தெரியும்.

அப்போது முன்வந்தவர் பர்னபா. சீப்புரு தீவைச் சேர்ந்த இந்த லேவியர், முன்னரே தமது நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலரிடம் கொடுத்திருந்தார் (4:36–37). நிலம் கைவிட்டுப் போயிற்று. நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரையே சவுலுக்காகப் பிணை வைத்தார். அவர் செய்தவற்றைக் கவனிப்போம்:

1. சவுலைத் தாமே அப்போஸ்தலரிடம் கூட்டிச் சென்றார்.

2. வெறுமனே "நல்லவர்" என்று புகழவில்லை. சவுல் வழியில் கர்த்தரைக் கண்டதையும், கர்த்தர் அவரோடு பேசியதையும், தமஸ்குவில் அவர் துணிந்து போதித்ததையும் எடுத்துச் சொன்னார்.

3. பின்பும் கைவிடவில்லை. தர்சுவுக்குப் போய் அவரைத் தேடி, அந்தியோகியாவுக்கு அழைத்துவந்து, ஒரு வருடம் முழுவதும் அவரோடு சேர்ந்து உழைத்தார்.

பலன் என்ன? பஞ்சகாலத்துக்கென அந்தியோகியா சபை சேர்த்த உதவியை யூதேயாவுக்குக் கொண்டுசென்றவர்கள் பர்னபாவும் சவுலுமே. யாருக்குப் பயந்தார்களோ, அவர் கையாலேயே நிவாரணம் வந்தது.

சாவகச்சேரிக்கு இப்பாடம் புதிதல்ல. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சிக்கு வந்தபோது, முன்பின் அறியாதவர்களுக்கு வளவுகளும் கோவில்களும் பாடசாலைகளும் திறந்தன. 2000 இல் சாவகச்சேரி யுத்தகளமானபோது, இடம்கொடுத்தவர்களே வேறு ஊர்களில் இடம்தேடி நின்றார்கள். 2009 இன் பின் புனர்வாழ்வு முடித்துத் திரும்பிய இளையோருக்கும் தமக்காக ஒரு சொல் சொல்ல ஆள் தேவைப்பட்டது.

"எங்களிடம் காணியுமில்லை, உறுதியுமில்லை, நாங்கள் எப்படிப் பிணை நிற்பது?" என நாம் நினைக்கலாம். ஆனால் ஒழுங்காக நடந்து தேடிய பெயர் எமக்கும் உண்டு. பிணை நிற்பது கண்ணை மூடிக்கொண்டு நம்புவதல்ல. போய்ப் பழகி அறிவோம். அறிந்ததை மட்டும் சொல்வோம். ஒரு போகமாவது அவரோடு நிற்போம்.

கூடிச் சிந்திக்க:

1. இடம்பெயர்ந்த காலத்தில் எமக்காகப் பேசியவர் யார்?

2. இன்று எமது சங்கத்துக்கு வெளியே தயங்கி நிற்பவர் யார்? அவரிடம் இந்த வாரம் போகக்கூடியவர் எம்மில் யார்?