555 புத்தகமும் கைப்பேசியும்

கைப்பேசி, கணினி, கியூஆர் அட்டை என்று வீட்டிலும் சிறு வியாபாரத்திலும் நாம் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள்தாம் இந்த மாதப் பாடம். எந்தக் கைப்பேசியில் கேமரா நல்லது, எந்த இணையம் வேகம் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவீர்கள். அதைச் சொல்லக் கடைக்காரர் இருக்கிறார். கடைக்காரர் சொல்லாத ஒன்றைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

ஆயுத பூஜை அன்று பொந்தியானில் எங்கள் வீட்டுச் சாமி மேடைக்கு முன்னால் தராசு, முறுக்கு அச்சு, அரிவாள்மனை, தம்பியின் மடிக்கணினி, அம்மாவின் கைப்பேசி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. ஒரு வருடம் நான்தான் கிண்டலாகச் சொன்னேன்: "உங்க யாவாரமே போன்லதானம்மா இருக்கு. அதுக்குக் கொஞ்சம் பெரிய பொட்டா வைங்க." அம்மாவும் சிரித்துக்கொண்டே பெரிய பொட்டாக வைத்தார்.

அம்மா தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்பவர். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும். "அக்கா, முறுக்கு நாலு டின்னு, நெய் உருண்டை ரெண்டு டின்னு, சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்." அம்மா அதைக் கேட்டுக் கேட்டுச் செய்வார். அந்த வருடம் தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, பொட்டு வைத்த அதே கைப்பேசி பாத்திரம் கழுவும் வாளிக்குள் விழுந்தது. பழுது பார்க்கும் கடையில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "உள்ள போர்டு போச்சு" என்று கையில் கொடுத்தார்கள்.

சிம் அட்டையைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டோம். எண் உயிரோடு வந்தது. வாட்ஸ்அப்பும் திறந்தது. ஆனால் உள்ளே ஒரு வரி கூட இல்லை. காப்புப் பிரதி எடுக்கும் வசதியை யாரும் இயக்கி வைத்திருக்கவில்லை. நான்தான் அந்த கைப்பேசியை வாங்கிக் கொடுத்தவன். கேமராவைப் பார்த்து வாங்கினேன், இதைப் பார்க்கவில்லை.

மாவுக்காரருக்குப் பணம் அனுப்பலாம் என்றால் வங்கிச் செயலியும் பழைய கைப்பேசியோடு போய்விட்டது. புதியதில் மறுபடி பதிவு செய்து, அதற்குப் பிறகும் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றது. அன்று எனக்குக் கோபம் வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. 2022 செப்டம்பர் 26ஆம் தேதி பேங்க் நெகாரா, வங்கிகள் செய்ய வேண்டிய ஐந்து பாதுகாப்பு ஏற்பாடுகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைப் படிப்படியாகக் கைவிடுவது, ஒரு கணக்குக்கு ஒரே ஒரு கைப்பேசி, முதன்முறை பதிவு செய்தால் காத்திருப்பு நேரம் ஆகியவை அவற்றில் அடங்கும். மோசடிக்காரன் நம் கணக்கைத் தன் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டாலும் அந்த நிமிடமே பணத்தை உருவ முடியாது. நமக்குச் சுணக்கமாகத் தெரிவது அவனுக்குப் பூட்டு.

சரி, பலகாரம் என்ன ஆனது? பக்கத்து வீட்டுக்காரர்களும் கோயிலுக்கு வருபவர்களும் நேரில் சொன்ன ஆர்டர்களை அம்மா 555 புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அட்டையில் 555 என்று போட்ட அந்தச் சின்னக் குறிப்புப் புத்தகம். அதில் இருந்தது எல்லாம் தப்பித்தது. மற்றவர்களுக்காகத் தெரிந்தவர்கள் குழு எல்லாவற்றிலும் "ஆர்டர் குடுத்தவங்க மறுபடி சொல்லுங்க" என்று போட்டோம். பெரும்பாலானவர்கள் கூப்பிட்டார்கள். பத்து பகாட்டிலிருந்து ஒரு குடும்பம் மட்டும் ஒன்றும் தெரியாமல் தீபாவளிக்கு முந்தின நாள் காரில் வந்து இறங்கியது. பதினான்கு டின். முன்பணமும் கட்டியிருந்தார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் எங்கள் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்ததை எல்லாம் கொண்டு வந்து கொடுத்தார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் மேசையில் கடையில் வாங்கிய பிஸ்கட்தான்.

இதைக் கேட்டதும் "பார்த்தாயா, பழைய புத்தகம்தான் நல்லது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை வெள்ளம் மூழ்கடித்தபோது எத்தனை வீடுகளில் பிறப்புப் பத்திரம், நிலப் பத்திரம், கல்யாணப் படம் எல்லாம் சேறாகிப் போயின! காகிதமும் நனையும். புத்தகமா கைப்பேசியா என்பது இங்கே விஷயமே இல்லை. எது வாங்கினாலும், எந்தச் செயலியைப் போட்டாலும், முதலில் இதைக் கேளுங்கள்: நாளைக் காலையில் இது இல்லாமல் போனால், மதியத்துக்குள் என் வேலையைத் தொடர முடியுமா? அந்த வேலையின் சாவி யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு வாட்ஸ்அப்பைப் பாருங்கள். காப்புப் பிரதியை இயக்கிவிட்டால் மட்டும் போதாது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது கூகுள் கணக்கில் போய்ச் சேர்கிறது. 2024 முதல் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் இடத்திலேயே அதுவும் கணக்காகிறது. காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் அந்த இடத்தை அடைத்துவிட்டால் காப்புப் பிரதி நின்றுவிடும். மாதம் ஒருமுறை கடைசியாக எடுத்த தேதியைப் பாருங்கள். இரண்டு படிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணையும் அங்கேயே போட்டு வையுங்கள். "தவறுதலா உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருச்சு, கொஞ்சம் அனுப்புங்க" என்று தெரிந்தவர் பெயரில் வரும் செய்திக்கு ஏமாந்தாலும் கணக்கு உடனே பறிபோகாது.

வியாபாரத்துக்குத் தனி எண்ணும், 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் போதும் என்பது என் கருத்து. 'பணம் கட்டியாச்சு', 'இன்னும் எடுக்கவில்லை' என்று ஆர்டருக்கு அடையாளம் போடலாம். இருபது முப்பது வாடிக்கையாளர் உள்ளவருக்கு மாதக் கட்டணம் கட்டும் பெரிய விற்பனை மென்பொருள் எதற்கு? இன்று எங்கள் வீட்டில் அம்மா ஆர்டரைக் கேட்டு 555 புத்தகத்தில் எழுதுகிறார். இரவில் தம்பி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுகிறான். பார்க்க ஒன்றும் நவீனமாக இல்லை. ஆனால் ஒரே கணக்கு இப்போது நான்கு கைப்பேசியிலும் ஒரு புத்தகத்திலும் இருக்கிறது.

அடுத்தது கியூஆர் அட்டை. 2018 டிசம்பரில் டுயிட்நவ் வந்தது, அதன் பிறகு பொதுவான டுயிட்நவ் கியூஆர். அதற்கு முன் ஒவ்வொரு மின்பணப்பைக்கும் ஓர் அட்டை என்று கடை முகப்பே தெரியாத அளவுக்கு ஒட்டி வைத்திருந்தோம். 2023 மார்ச்சில் சிங்கப்பூரின் நெட்ஸ் கியூஆரும் இதோடு இணைந்தது. வார இறுதியில் வான்டான் மீ சாப்பிடவும் குக்குப்பில் கடல் உணவு சாப்பிடவும் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள், நம் ஊர்ச் சிறு கடையிலும் தங்கள் கைப்பேசியாலேயே பணம் கட்ட வழி வந்தது. சும்மா சொல்லக் கூடாது, சில்லறைத் தொல்லை குறைந்ததே பெரிய விஷயம்.

ஆனால் பணம் வந்ததா என்று எப்படித் தெரியும்? வாடிக்கையாளர் காட்டும் திரைப்படத்தை நம்பாதீர்கள். பழைய படத்தில் தேதியையும் தொகையையும் மாற்றுவது ஒரு நிமிட வேலை. உங்கள் கைப்பேசியில் அறிவிப்பு வர வேண்டும். கைகள் மாவிலும் எண்ணெயிலும் இருப்பவர்களுக்கு, இந்தியாவில் தேநீர்க் கடை தோறும் இருப்பதுபோல், வந்த தொகையை வாய்விட்டுச் சொல்லும் சின்ன ஒலிப்பெட்டி உதவும். வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கோயில் உண்டியல் பக்கத்தில் கியூஆர் ஒட்டியிருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2023 ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஓர் ஆள் பள்ளிவாசல்களின் நன்கொடைப் பெட்டிகளில் தன் சொந்த கியூஆரை ஒட்டிவிட்டுப் போனது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகிப் பிடிபட்டார். நம் கோயிலிலும் இப்படி நடக்க ஒரு ஸ்டிக்கர் போதும். காலையில் நடை திறந்ததும் யாராவது ஒருவர் அதை ஸ்கேன் செய்து, கோயில் பெயர் வருகிறதா என்று பார்க்கட்டும். கோயில் பெயர்தான் வர வேண்டும். பொருளாளரின் சொந்தப் பெயர் வரக் கூடாது. பொருளாளர் நல்லவர்தான், சந்தேகம் இல்லை. அவர் வேலை மாறிப் போனால், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பணத்துக்குக் கணக்குக் காட்டுவது அவர் குடும்பத்தின் தலையில் விழும். சிறு வியாபாரிகளுக்கும் இதே கதைதான். வியாபார வரவையும் வீட்டு வரவையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், வருமான வரிச் சட்டம் கேட்கிற ஏழு வருடக் கணக்கை எப்படிப் பிரிப்பீர்கள்?

சாவி யார் கையில் என்றேனே, எங்கள் கிளையே அதற்குச் சாட்சி. எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தை ஓர் அண்ணன் தன் சொந்த மின்னஞ்சலில் திறந்தார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், எண்ணை மாற்றினார், கடவுச்சொல்லை மறந்தார். திருமுறைப் போட்டிப் படங்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில் இன்னும் தெரிகின்றன. நம்மால் புதிதாக ஒன்றும் போட முடியவில்லை. யார் மீதும் குற்றம் இல்லை, இரண்டாவது நிர்வாகியைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கணினிக்கு வருவோம். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. ஏறத்தாழ 2018க்கு முன் வந்த கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. உடனே தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் இணையம் பார்க்கவும் மட்டும் என்றால், லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபிஸ் இரண்டையும் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். பழகப் பத்து நாள் ஆகும், முணுமுணுப்பும் இருக்கும். ஏற்றுவதற்கு முன் கோப்புகளை எல்லாம் வெளி வன்தட்டில் எடுத்து வையுங்கள். திருட்டுப் பிரதியை மலிவாக ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். கூடவே வேறு எதை ஏற்றுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

நம் தமிழுக்கென்றே ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. கோயில் பழைய கணினியில் கூட்டக் குறிப்புகளைத் திறந்து பாருங்கள். பலவற்றில் எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் வரும். கோப்பு கெட்டுப் போகவில்லை; அந்தக் காலத்து எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை, இந்த எழுத்துருவுக்கு வேறு குறிமுறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க முடியாது. யூனிகோட் குறிமுறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் நாம் அதற்கு மாறத்தான் பல வருடம் பிடித்தது. இந்தத் துறையில் நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறனின் பங்கு பெரிது. 1980களில் தொடங்கிய முரசு, பிறகு முரசு அஞ்சல், 2005இல் கைப்பேசிக்கு வந்த செல்லினம் எல்லாம் அவர் உருவாக்கியவை. ஆப்பிள் கணினிகளில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் சிலவும் அவருடையவை. ஆகவே விலைப்பட்டியலோ நன்றிக் கடிதமோ, தமிழில் எழுதினால் யூனிகோடிலேயே எழுதுங்கள். பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஓர் இளைஞர் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் கோயிலின் வரலாறே திரும்பக் கிடைக்கும்.

வீட்டு இணையத்தைப் பற்றி இரண்டு விஷயம். இடி இடிக்கும்போது மோடத்தின் மின் இணைப்பை மட்டும் பிடுங்கினால் பாதி வேலைதான். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வருகிற வீட்டில் அந்தக் கம்பியையும் கழற்றுங்கள். கடை வாசலில் கேமரா வைத்தால் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016 அக்டோபரில் பெரிய பெரிய இணையத் தளங்களை முடக்கிய தாக்குதலுக்கு, கடவுச்சொல் மாற்றாத இப்படிப்பட்ட கேமராக்களும் மோடங்களும்தான் பயன்பட்டன.

இன்னொன்று, கல்யாண அழைப்பிதழ். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பிதழ், படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இல்லாமல் 'ஏபிகே' என்று முடிந்தால் அது அழைப்பிதழ் இல்லை, கைப்பேசிக்குள் நுழையும் செயலி. அம்மா, அப்பா, தாத்தா கைப்பேசிகளில் இதை நீங்கள்தான் உட்கார்ந்து காட்டிக் கொடுக்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்கு, அல்லது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொல்வதுதான் முக்கியம்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. வரும் சனிக்கிழமை, வீட்டில் சொல்லிவிட்டு, காலை எட்டிலிருந்து மதியம் பன்னிரண்டு வரை உங்கள் கைப்பேசியை அணைத்து அலமாரியில் வையுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் எந்தெந்த வேலை நின்றது, யாருடைய எண் நினைவுக்கு வரவில்லை, எந்தக் கணக்கைப் பார்க்க முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடை வைத்திருப்பவர்கள் கடைக்கும் தனியாக ஒரு தாள் எழுதுங்கள். கோயில் செயலாளர், பொருளாளர் பொறுப்பில் இருப்பவர்கள், உங்களைத் தவிர வேறு யாருக்கு எந்தக் கடவுச்சொல் தெரியும் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். கடவுச்சொல்லை எழுத வேண்டாம், ஆளின் பெயர் போதும்.